திகதி இல்லாத துயரம்: கல்வெட்டு என்னும் சிறுநூலும் காணாமற்போனோரும்

ஓகஸ்ட் 30, சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினம் நெருங்கும்போதெல்லாம் திருகோணமலையிலிருந்தும் ஒரு செய்தி வரும். போர்க்காலத்தில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் வீதியோரம் நிற்பார்கள். "எங்களுக்கு மரணச் சான்றிதழ் வேண்டாம்" என்ற வரி அந்தச் செய்தியில் தவறாது. வாசிப்பவர் பலருக்கு, குறிப்பாக வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கும், இது விளங்குவதில்லை. எத்தனையோ ஆண்டு கடந்துவிட்டது. சான்றிதழை வாங்கினால் காணி அலுவல் பார்க்கலாம், வங்கிக் கணக்கைத் தொடலாம், கொடுப்பனவும் கிடைக்கும். பிறகேன் மறுக்கிறார்கள்?

சான்றிதழோடு விசாரணையையும் மூடிவிடுவார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இன்னொரு காரணம் நம் வீட்டுச் சாமியறையில், பஞ்சாங்கத்துக்குக் கீழே, நாற்பது ஐம்பது பக்கத்தில் கிடக்கிறது. அதற்குப் பெயர் கல்வெட்டு.

கல்வெட்டு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் செதுக்கியது. ஈழத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒருவர் இறந்து 31ஆம் நாள், அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்னும் இறுதிக் கிரியைகள் முடிந்து பந்தியிலிருந்து எழும்புகிறவர் கையில் கொடுக்கப்படும் அச்சுப் புத்தகம். இப்போது பலர் 'நினைவு மலர்' என்கிறார்கள். முழுக்கச் செய்யுளாக இருந்த பழைய வடிவத்துக்குக் கல்வெட்டு என்றும், படமும் கட்டுரையுமாக வருவதற்கு நினைவு மலர் என்றும் வேறுபடுத்துவோர் உண்டு. பேச்சில் இரண்டும் ஒன்றுதான்.

திருகோணமலைக்காரருக்குக் கல்லில் இல்லாத கல்வெட்டு புதிதல்ல. கோணேசர் கோயிலின் திருப்பணி, தொழும்பு (கோயிற் பணி), நடைமுறை ஆகியவற்றைச் சொல்லும் 'கோணேசர் கல்வெட்டு' கவிராஜவரோதயன் பெயரால் வழங்கும் நூல். ஏட்டில் இருந்து அச்சுக்கு வந்தது. கல்லிலேயே உள்ளதைப் பார்க்க வேண்டுமென்றால் பிரெட்ரிக் கோட்டை வாசலில் 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் சாசனம் இருக்கிறது. கல்லானாலும் ஏடானாலும் கருத்து ஒன்று: அழியக்கூடாதது என்று ஊர் நினைப்பதை எழுதிவைப்பது.

வீரன் இறந்த இடத்தில் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, 'பெயர் பொறித்த' செய்தியைப் புறநானூற்று 264ஆம் பாட்டு சொல்கிறது. தலைவனை இழந்தவர் செயலற்று நின்று பாடுவதைப் புறத்திணை இலக்கணம் 'கையறுநிலை' என்று ஒரு துறையாகவே வைத்தது. பெயரைப் பதிப்பதும் புலம்பலைப் பாடுவதும் ஆகிய இந்த இரண்டு வேலையும் நம் 31ஆம் நாள் புத்தகத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

புத்தகத்தின் உடல்

பழைய முறையில் அமைந்த ஒரு கல்வெட்டைப் பிரித்தால் பெரும்பாலும் இந்த ஒழுங்கு இருக்கும்:

1. அட்டையில் படம். கீழே இரண்டு சொல்: தோற்றம், மறைவு. இரண்டுக்கும் பக்கத்தில் திகதி.
2. திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நாலடியில் அடக்கிய செய்யுள்.
3. பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். கூடவே சிவபுராணமோ கந்தசஷ்டி கவசமோ.
4. நாட்டு வளம், ஊர்ச் சிறப்பு, குலமரபு, பிறகு வாழ்க்கை வரலாறு.
5. புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், உற்றார் புலம்பல் என்று உறவின் நெருக்கப்படி.
6. தேற்றம். அழுதவர்களை ஆற்றும் பகுதி.
7. வம்சாவளி. யாருக்கு யார் பிள்ளை, யார் யாரைக் கட்டினார் என்ற மரம்.
8. நன்றி நவிலல். செத்தவீட்டுக்கு வந்தவர், மலர்வளையம் கொண்டுவந்தவர், பந்தல் போட்டவர், சமைத்தவர் வரை.

இதில் எட்டாவதைச் சிரிப்போடு புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சகத்தில் வேலை செய்தவரைக் கேட்டால், சண்டை வருவது ஏழாவதில்தான் என்பார். கனடாவில் இருக்கும் மருமகனின் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டாலோ, மூத்தவர் பெயருக்கு மேல் இளையவர் பெயர் ஏறினாலோ போதும். 29ஆம் நாள் இரவு மறுபடியும் புரூஃப் பார்க்க வேண்டிவரும். 31ஆம் நாள் மதியத்துக்குள் கட்டு வீட்டுக்கு வந்தாக வேண்டும். தவணை கேட்க முடியாத அச்சு வேலை இது ஒன்றுதான்.

மூன்றாவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேவாரம் அச்சிட்ட தாளை யாரும் கடலை சுற்றக் கொடுக்கமாட்டார்கள், அடுப்பு மூட்டவும் மாட்டார்கள். அதனால் புத்தகம் சாமியறைக்குப் போகிறது. அட்டையில் இருப்பவரும் கூடவே போகிறார். திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, ஒரு சாதாரண ஆசிரியையின், ஒரு மீன் வியாபாரியின் படம் முப்பது நாற்பது ஆண்டு பிழைத்துக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, போரில் இன்னும் பல சேகரிப்புகள் போன பின், ஊர் வரலாறு தேடுகிறவர்களுக்கு இந்தச் சிறுபுத்தகங்கள் ஆவணமாகிவிட்டன. நூலகம் நிறுவனம் தன் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருப்பது அதனால்தான்.

புலம்பலை ஏன் இன்னொருவர் எழுதுகிறார்?

மனைவி புலம்பலை மனைவி எழுதுவதில்லை. ஊரில் செய்யுள் கட்டத் தெரிந்த ஒரு வாத்தியாரோ பண்டிதரோ எழுதுவார். 'ஆலமரமாய் நின்றீர்', 'எங்களைத் தவிக்கவிட்டு' போன்ற தொடர்கள் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும். நவீன இலக்கியம் படித்தவர்களுக்கு இது எரிச்சல். வார்ப்பு வரிகளில் என்ன துயரம் இருக்கும் என்று கேட்பார்கள்.

அந்தியேட்டி வீட்டில் கல்வெட்டுப் படிக்கும்போது இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது குறைவு. ஒருவர் பாயில் இருந்து இராகத்தோடு படிப்பார். வரலாறு போகும் வரை சனம் பேசிக்கொண்டிருக்கும், தேத்தண்ணீர் கைமாறும். 'மனைவி புலம்பல்' என்று தலைப்பை வாசித்ததும் குசினிப் பக்கம் சத்தம் அடங்கும். முப்பது நாளாக வாய் திறக்காத பெண் அந்த இடத்தில் உடைவார். அந்த வரி அவருடையதல்ல, அடுத்த வீட்டுக் கல்வெட்டிலும் அதே வரிதான். ஆனாலும் அழ ஒரு இடம், ஒரு நேரம், ஒரு சொல் கிடைத்துவிட்டது. அப்புறம் தேற்றம் படிக்கப்படும். அது முடிந்தால் இலை போடுவார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். புலம்பலுக்குப் பின் தேற்றம், தேற்றத்துக்குப் பின் சாப்பாடு. நூலின் அமைப்பே துக்கத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகிறது.

மேற்கத்தைய நூல்கள் சொல்வது என்ன?

2004 கடல்கோளுக்கு (சுனாமி) பிறகு கிழக்கில் உளவள ஆலோசனைப் பயிற்சிகள் பெருகின. அவற்றோடு 'துக்கத்தின் ஐந்து கட்டங்கள்' என்ற பேச்சும் பரவியது: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. இதில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. உளநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ரோஸ் 1969இல் இதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசி. அவர்கள் தங்கள் சாவை எதிர்கொண்ட விதம் அது. பின்னால்தான் அது உறவை இழந்தவர்களுக்கும் நீட்டப்பட்டது. எல்லோரும் இந்தப் படிகளில் இதே ஒழுங்கில் ஏறுவார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை. 'நீங்கள் இன்னும் மறுப்பில்தான் இருக்கிறீர்கள்' என்று காணாமற்போன மகனின் தாயிடம் சொல்வது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட.

இன்னொரு வகை, இழந்தவரே எழுதும் தன்வரலாறு. அதே கடல்கோளில் யால பகுதியில் கணவனையும் இரு மகன்களையும் பெற்றோரையும் இழந்த சோனாலி தெரணியகல 2013இல் வெளியிட்ட 'வேவ்' இந்த வகை. நம் கல்வெட்டோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதில் பேசுவது ஒரே குரல். எழுதி முடிக்க ஆண்டுக்கணக்காகிறது. தேற்றம் என்று ஒரு பகுதி கிடையாது. கல்வெட்டில் பல குரல், முப்பத்தொரு நாள் தவணை, தேற்றம் கட்டாயம். ஒன்று இலக்கியம், மற்றது சடங்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள். இரண்டும் தொடங்குவதும் ஒரே இடத்தில்: இன்ன நாள் இது நடந்தது.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தவர். உடல் கிடைக்கவில்லை, சாவு உறுதியாகவில்லை, வருவார் என்றும் சொல்ல முடியவில்லை. இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'தெளிவற்ற இழப்பு' எனலாம். 1999இல் வந்த அவருடைய நூல் சொல்வதன் சாரம் இது: இந்தக் குடும்பங்கள் துக்கத்தில் சிக்கி நிற்பதற்குக் காரணம் அவர்களுடைய மனக்கோளாறு இல்லை; இழப்பின் தன்மைதான். முடிவு தெரியாத ஒன்றுக்கு முடிவு கட்டச் சொல்லி வற்புறுத்தக்கூடாது.

திதி: எல்லாம் தொங்கும் ஆணி

சரி, இப்போது திதி வெண்பாவுக்கு வருவோம்.

திதி என்பது சந்திர நாள். வளர்பிறையில் 15, தேய்பிறையில் 15. ஒரு திதி சுமார் 19 மணித்தியாலத்திலிருந்து 26 மணித்தியாலம் வரை நீளும், நள்ளிரவில் மாறுவதில்லை. அதனால் ஒருவர் இறந்த நாள் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஆண்டுத் திவசம் ஆங்கிலத் திகதியில் வராது. அதே மாதம், அதே பட்சம், அதே திதியில் வரும். அதை மறக்காமல் வைக்கத்தான் செய்யுள்.

மாதிரிக்கு ஒன்று கட்டிப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26, தாரண வருடம், மார்கழி, பூரணை, ஞாயிற்றுக்கிழமை:

தாரண ஆண்டின் தனிமார் கழித்திங்கள்
பூரணையாம் ஞாயிற்றுப் போதினிலே – பேரலையால்
வாழ்ந்தார் கரைநீங்கி வானடைந்தார், மண்ணுளோர்
சூழ்ந்தழும் நாளா மிது.

திருகோணமலை மாவட்டத்தில் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருடைய உடல் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரே வெண்பா பொருந்தும். உடல் இல்லை, நாள் இருக்கிறது. அந்தியேட்டி செய்ய முடிந்தது, மார்கழிப் பூரணையில் திவசம் கொடுக்க முடிகிறது.

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கில் நீதி கிடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரி 2உம் விளக்கேற்ற ஒரு இடமும் ஒரு நாளும் இருக்கின்றன.

காணாமற்போனவருக்கு? வெண்பாவின் முதலடியே எழும்பாது. எந்த வருடம், எந்த மாதம், எந்தப் பட்சம்? 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெற்றிடம். அந்த ஒரு ஆணி இல்லாததால் அதில் தொங்க வேண்டிய எல்லாமே விழுந்துவிடுகின்றன:

1. எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவும் இல்லை, 31உம் இல்லை. எண்ணத் தொடங்க ஒரு நாள் வேண்டுமே.
2. கன்னியாவுக்குப் போக முடியாது. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்கத் தோன்றியதாகக் கதை சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளடியில் அந்தியேட்டிக் கிரியை செய்வது திருகோணமலைச் சைவர்களின் நெடுநாள் வழக்கம். 2019இல் கன்னியாப் பிள்ளையார் கோயில் நிலத்துக்காக ஊர் திரண்டதற்குப் பின்னால் இந்த வழக்கமும் இருந்தது.
3. புலம்பல் எழுதமுடியாது. 'மனைவி புலம்பல்' எழுதினால் அவர் விதவை.
4. துடக்கு (தீட்டு) கழிவதில்லை, ஏனென்றால் தொடங்கவே இல்லை.

சைவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் என்றில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ கணவனை இழந்த முஸ்லிம் பெண் இருக்கும் இத்தா என்ற காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள்; அதுவும் மரணத்திலிருந்து எண்ணப்படுவது. கத்தோலிக்கரின் 31ஆம் நாள் திருப்பலியும் அப்படித்தான்.

சாத்திரம் இதற்கு வழி சொல்லவில்லையா? சொல்கிறது. திதி தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுக்கலாம். ஆள் போன இடம் தெரியாவிட்டால் 12 ஆண்டு பார்த்து, தர்ப்பையால் உருவம் செய்து அதற்குக் கிரியை செய்யலாம். ஆனால் அந்த உருவத்துக்குத் தீ வைப்பது யார்? பெற்ற தாய், 'இனி வரமாட்டான்' என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் அது நடக்கும்.

சட்டம் கொடுக்கும் இரண்டு கடதாசி

1. மரணச் சான்றிதழ். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்ச் சூழலில் காணாமற்போய் ஓராண்டுக்கு மேலாகியும் தகவல் இல்லாதவரின் மரணத்தைப் பதிய வழி செய்தது.
2. காணாமற்போனமைச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆள் இறந்ததாகச் சொல்லாமல், இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும். சொத்தைப் பராமரிக்கவும் உதவித்தொகை பெறவும் பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கவும் இதைக் காட்டலாம். அதே ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் அறிக்கையை வைத்தும் இதைப் பெறலாம்.

சட்டம் எழுதியவர்கள் இரண்டாவதில் ஒரு உண்மையைப் பிடித்திருக்கிறார்கள்: சாவுக்கும் உயிருக்கும் இடையே ஒரு நிலை இருக்கிறது, அதற்கும் ஒரு கடதாசி வேண்டும். பாஸ் சொன்னதும் அதுதான். என் கணிப்பில், செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவதுதான் வாசகர் குழப்பத்தின் பாதி. தாய்மார் மறுப்பது பெரும்பாலும் முதலாவதை. அதில் 'இறந்த திகதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஒரு எழுதுவினைஞர் போடும் திகதி, நாளைக்குப் பேரப்பிள்ளை திவசம் கொடுக்கும் திகதியாகிவிடும். இல்லாத நாளுக்கு எப்படித் திதி பார்ப்பது?

தாய்மார் எழுதிய இன்னொரு புத்தகம்

வீதியோரம் நிற்கும் தாய்மாரின் கையில் இருப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். லாமினேட் பண்ணிய ஒரு தாள். நடுவில் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெருப்பித்தது. பெருப்பித்ததில் முகம் கொஞ்சம் கலங்கியிருக்கும். கீழே பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம், திகதி. மழையில் ஓரம் பிரிந்து ஈரம் ஏறிய இடத்தில் மை நீலமாக ஓடியிருக்கும்.

கல்வெட்டின் அட்டைதான் இது. அதே படம், அதே இடத்தில் பெயர், கீழே திகதி. இரண்டு மாற்றம். 'மறைவு' என்ற இடத்தில் 'காணாமல் ஆக்கப்பட்ட திகதி' இருக்கிறது; வயதுக்கு நேரே அன்றைய வயதே நிற்கிறது. இருபத்தொன்று என்று எழுதியிருக்கும், பிடித்திருக்கும் தாய்க்கு எழுபது தாண்டியிருக்கும். உள்ளே பக்கங்கள் இல்லை. புலம்பல் தாயின் வாயில் நேரே வருகிறது, பண்டிதர் தேவைப்படவில்லை. தேற்றம் இல்லை, எழுதிக்கொடுக்க யாருக்கும் உரிமையும் இல்லை.

நம் நினைவு மலர்களை ஆவணமாகச் சேர்ப்பவர்கள் இந்தத் தாள்களையும் அதே தட்டில் வைத்துச் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வடிவத்தால் அவை ஒரே குடும்பம்.

ஆடி அமாவாசை காலையில்

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாய் இல்லாதவர்கள் சித்திரைப் பூரணைக்கும் விரதம் பிடிப்பது நம் வழக்கம். இந்த இரண்டுக்கும் தனித்திதி தேவையில்லை. ஊருக்கே பொதுவான நாள். திருகோணமலையில் அன்று காலை கடற்கரையில் எள்ளும் தர்ப்பையும் கையில் வைத்துச் சனம் முழுகும். வீடுகளில் காத்தோட்டிக்காய் தேடுவார்கள், காகத்துக்குச் சோறு வைப்பார்கள்.

தகப்பன் காணாமற்போன ஒரு பிள்ளைக்கு அன்று முதற்கேள்வி விரதமா இல்லையா என்பது. பிடித்தால் அப்பாவைத் தானே சாகடித்ததாகிவிடும் என்று அம்மா நினைப்பார். பிடிக்காவிட்டால், ஒருவேளை அவர் எப்போதோ இறந்துபோயிருந்தால், எள்ளும் தண்ணீரும் இல்லாமல் நிற்பார் என்று அம்மம்மா நினைப்பார். சில வீடுகளில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அன்று மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை, ஆனால் விரதம் என்று சொல்வதும் இல்லை. காகத்துக்குச் சோறு வைப்பார்கள். அது எல்லா நாளும் வைக்கிறதுதானே என்பார்கள்.